பெயின்ட் அடித்தும் போகாத வாடை

கேள்வி: எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் தனியாகக் குடியிருந்த பெரியவர் கோடையில் இறந்துபோனார். ஐந்தாம் நாள்தான் தெரியவந்தது. போலீஸ் விசாரணை முடிந்து சாவி வந்துவிட்டது. மெத்தையைத் தூக்கிப் போட்டு, பினாயில் விட்டு மூன்று முறை கழுவி, பெயின்டும் அடித்தாயிற்று. ஆனாலும் மத்தியானமானால் வாடை கிளம்புகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், ஆவடி

பதில்: உங்கள் பிரச்சினை தரைக்கு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. உடலிலிருந்து வடிந்த நீர் மெத்தையையும் கட்டில் பலகையையும் தாண்டித் தரைக்கு வரும். டைல்ஸ் அதை உறிஞ்சாது. டைல்ஸ் ஜாயின்டில் பூசிய ஒயிட் சிமென்ட் உறிஞ்சும். அதற்கும் கீழே உள்ள மணல்-சிமென்ட் கலவையோ குடிக்கவே செய்யும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவியதில் அது இன்னும் அகலமாகப் பரவியிருக்கும். அறை சூடேறினால் வாடை எழுவது இதனால்தான். சாதாரண எமல்ஷன் பெயின்டுக்கு வாடையைத் தடுக்கும் சக்தியும் கிடையாது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: காய்ந்த தரையில் ஒரு சதுர அடி பாலிதீன் தாள்களை நான்கைந்து இடங்களில் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் மத்தியானம் ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தால் எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கட்டில் நின்ற இடம். சில நேரம் சரிவில் ஓடி ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) இடுக்கில் தேங்கியிருக்கும்.

உடைப்பதற்கு முன் ஸ்டேஷனில் கேளுங்கள். சாவி கொடுத்துவிட்டார்கள் என்பதாலேயே வழக்கு முடிந்ததாகிவிடாது; அறையில் கை வைக்கலாம் என்று எழுத்தில் வாங்குவது நல்லது.

கறை தெரியும் டைல்ஸோடு, சுற்றிலும் இன்னும் ஒரு வரிசை எடுக்க வேண்டும். தூசி பறக்காமல் இருக்க ஜாயின்டை முதலில் நனைத்துவிட்டுக் கொத்தனார் கொத்தட்டும். கறுத்த கலவை போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை செதுக்கி, சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டருக்கு 170 கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் அன்றன்றைக்கே பயன்படுத்துங்கள். குறைந்தது 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பிவிடும். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

நன்றாகக் காய்ந்து, வாடையும் இல்லை என்றானதும் செதுக்கிய இடத்தில் எபாக்ஸி பிரைமர் (இரண்டு பாகம் கலந்து பூசும் ரெசின் பூச்சு) இரண்டு கோட். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழவழப்பில் டைல்ஸ் பிடிக்காமல் சில மாதத்தில் 'டொக் டொக்' என்று ஒலிக்கும். கறை பட்ட சுவரில் பெயின்டையும் பட்டியையும் (புட்டி) சிமென்ட் பூச்சு வரை சுரண்டிவிட்டு, கறை தடுக்கும் ஆயில் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட்.

இந்த வேலையை வீட்டு வேலை செய்யும் அம்மாவிடமோ, ஐந்நூறு ரூபாயும் குவார்ட்டரும் கொடுத்துத் துப்புரவுத் தொழிலாளியிடமோ தள்ளிவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டில் அந்த நாட்கள் கடந்துவிட்டாலும் கலவைத் தூசி, குளோரின் நெடி இரண்டும் மிச்சம். நைட்ரைல் கையுறைக்கு மேல் கெட்டி ரப்பர் கையுறை, கம்பூட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். என்-95 தூசியைத்தான் தடுக்கும். குளோரின் நெடிக்கு ஆசிட் கேஸ் கார்ட்ரிட்ஜ் (குளோரின் போன்ற வாயுவைத் தடுக்கும் வடிகட்டி) பொருத்திய மாஸ்க்.

இடிபாட்டை இரட்டைப் பையில் கட்டி, எங்கே சேர்ப்பது என்று மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சாம்பிராணி, ஓசோன் மெஷின் எல்லாம் மூலத்தை அகற்றிய பிறகுதான். ஓசோன் ஓடும்போது அறையில் ஆளோ பிராணியோ கூடாது. கதவு நிலை இடுக்கிலும் ஸ்விட்ச் போர்டு பின்னாலும் அரிசி மாதிரி பழுப்புக் கூடுகள் இருந்தால் கூட்டி எடுத்துவிடுங்கள், ஈக்கள் அதிலிருந்துதான் மறுபடி வரும். ஏசி இருந்தால் சர்வீஸ் முடியும்வரை ஆன் பண்ண வேண்டாம்.