பகலில் 8 மணி நேரம் தூங்கினால் நைட் ஷிப்ட் உடம்பைப் பாதிக்காதா?

"பகலில் முழுசாக 8 மணி நேரம் தூங்கிவிட்டால் நைட் ஷிப்ட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக நைட் வேலையில் சேர்ந்திருப்பீர்கள், வீட்டில் யாரோ பயமுறுத்தியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆகும். எந்த நேரத்தில் தூங்குகிறோம், எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்றும் உடம்பு கணக்கு வைக்கிறது.

நான் டாக்டர் இல்லை. கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஃபிட்டர். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். முழு நைட்டு என்றால் ராத்திரி 12 மணிக்கு உள்ளே போய் காலை 8 மணிக்கு வெளியே வர வேண்டும். எனக்கு நாற்பது வயதுக்கு முன்பே சுகர் வந்தது. "அப்பாவுக்கு இருந்திருக்கும், அதான்" என்று கமெண்ட்டில் வருவீர்கள். இருந்தது. நைட் பார்க்கிற எல்லோருக்கும் சுகர் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழு நைட்டு வாரத்தில் என் சுகர் ஏறுவதும், பகல் ஷிப்ட் வாரத்தில் இறங்குவதும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மாத்திரைச் சீட்டில் டாக்டர் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தார், காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன். என்ன வேலை, எந்த ஷிப்ட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழு நைட்டு முடிந்து வந்து, மாத்திரை போட்டு, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. முழிப்பு வந்தபோது பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கை நடுங்கியதில் செல்போனைப் பிடிக்க முடியவில்லை. மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் தூங்கியதில் சுகர் ரொம்ப இறங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா சர்க்கரைத் தண்ணி கரைத்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. அதன் பிறகு வேறொரு டாக்டர் ஷிப்ட் அட்டவணையை வாங்கிப் பார்த்து, வாரத்துக்குத் தகுந்த மாதிரி நேரம் மாற்றி எழுதினார். நீங்கள் எந்த மாத்திரை சாப்பிட்டாலும் ஷிப்ட்டைச் சொல்லி நேரத்தை எழுதி வாங்குங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

மூளையில் கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்னத் திரள்தான் உடம்பின் தலைமைக் கடிகாரம். அது வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. கல்லீரலுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, அது சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கும். ஈயை வைத்து இந்தக் கடிகாரத்தின் மரபணுவைக் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காலையில் சாப்பிடுகிற அதே சாப்பாட்டை ராத்திரியில் சாப்பிட்டால் சுகர் கூடுதலாக ஏறும். 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 19 பேரை நைட் ஷிப்ட் மாதிரி விழிக்க வைத்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்கு சுகர் ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. அதைப் படித்ததிலிருந்து கேண்டீனில் 3 மணி பரோட்டாவை விட்டுவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே நைட் ஷிப்ட்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2019-லும் அதையே உறுதி செய்தது. இதெல்லாம் தெரியாமல் "பகல்ல தூங்குறவன் வீடு விளங்குமா" என்று என் மாமனார் வீட்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர்கள் கட்டுகிற வேட்டியின் நூல் ராத்திரியிலும் ஓடிய மெஷினில் வந்தது. அரை நைட்டு (சாயங்கால ஷிப்ட்) முடிந்து ராத்திரி 12 மணிக்கு வெளியே வந்தால் டவுன் பஸ்ஸும் கிடையாது. அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

இன்னொன்று, ஷிப்ட் மாறுகிற வரிசை. பெரும்பாலானவர்களுக்கு உள்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம். பகல், அரை நைட்டு, முழு நைட்டு என்று போனால் உடம்பு ஓரளவு தாங்கும். எங்கள் மில்லில் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். மேனேஜரிடம் நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பேசினோம். ரிங் பிரேமில் மாற்றிக் கொடுத்தார், மற்ற டிபார்ட்மெண்டுகளில் இன்னும் பழையபடிதான் ஓடுகிறது.