ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களுக்குத் திட்டப் பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் ஊர் ரோட்டரி சங்கம் டயாலிசிஸ் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டுகிறார்கள், வெளிநாட்டு சங்கங்களோடு சேர்ந்தும் திட்டம் செய்கிறார்கள். இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கொடுத்தால் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமா?

கொங்குப் பக்கம் நடுத்தரமான ஓர் ஊரில் ரோட்டரி சங்கப் பொருளாளராக இருந்திருக்கிறேன். செக் புக்கும் ரசீதுப் புத்தகமும் கையில் இருந்ததால் பணம் போகிற வழி ஓரளவு தெரியும்.

சந்தாவில் திட்டம் நடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பதில்லை. உறுப்பினர் கட்டும் சந்தாவில் ஒரு பகுதி உலகத் தலைமையகத்துக்கும், இன்னொரு பகுதி ரோட்டரி மாவட்டத்துக்கும் (அரசு மாவட்டம் இல்லை, பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரியின் நிர்வாகப் பகுதி) தலைக்கு இவ்வளவு என்று போய்விடும். மிச்சம் கூட்டத்துச் சாப்பாடு, ஹால் வாடகை என்று தீர்ந்துவிடும். திட்டத்துக்கான பணம் தனி. லயன்ஸில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. பொதுமக்களிடம் திரட்டிய தொகையில் அந்த நிகழ்ச்சியை நடத்திய நேரடிச் செலவைக் கழிக்கலாம். மற்றது முழுக்க மக்களுக்கே போக வேண்டும், சங்கத்து டீச்செலவுக்குக்கூடத் தொடக் கூடாது.

சின்னத் திட்டங்களுக்கு உறுப்பினர்களின் பாக்கெட்தான் கஜானா. பிறந்தநாள், கல்யாண நாள் வந்தால் ஆசிரமத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அரசுப் பள்ளிக்கு நாலு பெஞ்சு. யாராவது கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் செல்லமாக அபராதம். இதற்கு மேல் போனால் இன்னிசை நிகழ்ச்சி, விழா மலரில் விளம்பரம், மாரத்தான். உண்மையைச் சொன்னால் இன்னிசை நிகழ்ச்சி நடத்தி மிச்சம் பிடிப்பது லேசான வேலை இல்லை. பாட்டுக் குழு, மேடை, லைட், சவுண்ட் எல்லாம் போனபிறகு கையில் நிற்பது பெரும்பாலும் மலரில் வந்த விளம்பரப் பணம்தான். அதுவும் ஊரில் உள்ள அரிசி மில்காரரும் நகைக்கடைக்காரரும் முகத்துக்காகக் கொடுப்பது.

குறைந்த பணத்தில் நிறைய நடக்கும் ஒரு வகையும் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமம் கிராமமாக நடத்தும் முகாம்களைப் பாருங்கள். ஊரில் ஆட்டோ வைத்து அறிவிப்பது, பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ பிடித்துக் கொடுப்பது, வரும் பெரியவர்களை வரிசைப்படுத்துவது எல்லாம் உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி போன்ற அமைப்புகளின் பொறுப்பு. பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. சங்கம் போடும் தொகை சொற்பம். அதை வைத்து எத்தனையோ பேருக்குக் கண்புரை நீங்குகிறது.

சரி, டயாலிசிஸ் மெஷினுக்கு வருவோம். இது பெரும்பாலும் ‘குளோபல் கிராண்ட்’ என்ற மானியம் வழியாக வருவது. சங்கத்துக்குள் ஜிஜி என்பார்கள். இதற்குப் பணம் தருவது ரோட்டரியின் உலக அறக்கட்டளையான ரோட்டரி ஃபவுண்டேஷன். ஆர்ச் கிளம்ஃப் என்ற ரோட்டரி தலைவர் 1917-ல் அட்லாண்டா மாநாட்டில் நன்மை செய்ய ஒரு நிதி வைப்போம் என்று முன்மொழிந்தார். மறு வருடம் கன்சாஸ் சிட்டி சங்கம் போட்ட முதல் நன்கொடை இருபத்தாறரை டாலர்.

இன்று அது இயங்கும் விதம் இப்படி. உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் பணத்தை உடனே செலவழிப்பதில்லை. மூன்று வருடம் முதலீடு செய்து வைக்கிறார்கள். நிர்வாகத்துக்கு ஒரு சிறு பகுதி போக, ஒரு பாதி கொடுத்த மாவட்டத்துக்கே திரும்பி வரும். மறு பாதி ஃபவுண்டேஷனின் உலக நிதிக்குப் போகும். அதாவது இந்த வருடத் தலைவர் மேடையில் திறந்து வைக்கும் திட்டத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தலைவர் வசூலித்த பணமும் இருக்கிறது. கல்வெட்டில் அவர் பெயர் இருக்காது!

கிராண்டுக்கு விண்ணப்பிக்க இரண்டு நாட்டு சங்கங்கள் சேர வேண்டும்: திட்டம் நடக்கும் ஊரின் சங்கம் ஒன்று, வேற்று நாட்டுச் சங்கம் ஒன்று. மொத்த பட்ஜெட் குறைந்தது 30,000 டாலர். மாவட்டங்கள் தங்கள் பங்கிலிருந்து போடும் தொகைக்கு உலக நிதி 80 சதவீதம் சேர்த்துக் கொடுக்கும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் சங்கம் ரொக்கமாக 6,000 டாலர் போடுகிறது. நம் மாவட்டம் 8,000. வெளிநாட்டுச் சங்கம் 2,000, அதன் மாவட்டம் 8,000. இரண்டு மாவட்டங்களும் போட்ட 16,000-க்கு உலக நிதி 12,800 தரும். மொத்தம் 36,800. நம் ஊரில் திரட்டிய பணம் ஆறு மடங்காகிவிட்டது. பெரிய திட்டங்களின் சூட்சுமம் இதுதான்.

இந்த மடங்கு சும்மா வருவதில்லை. ஊருக்கு உண்மையில் என்ன தேவை என்று முன்கூட்டியே ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. வருடா வருடம் அறிக்கை, முடிந்ததும் இறுதி அறிக்கை, பில்களை ஐந்து வருடம் பத்திரமாக வைப்பது. கணக்கு ஒழுங்காக இல்லாத சங்கத்துக்கு அடுத்த கிராண்ட் கிடைப்பது கஷ்டம். ஊரில் நல்ல பெயர் உள்ள சங்கத்துக்குக்கூட, பில்லை ஒழுங்காக அடுக்கி வைக்கும் ஒரு ஆடிட்டர் உறுப்பினராகக் கிடைக்கவில்லை என்றால் ஜிஜி பக்கம் போகப் பயம்தான்.

ஏன் எங்கு பார்த்தாலும் மெஷினும் கழிப்பறையும் என்று கேட்டால், அதற்கும் விதியே காரணம். மக்கள் தங்கும், வேலை செய்யும் நிரந்தரக் கட்டடத்தைப் புதிதாகக் கட்ட இந்தப் பணம் கிடைக்காது. மருத்துவமனை கட்டடத்தைக் கொடுக்கும், சங்கம் கருவியைக் கொடுக்கும். வாங்கிய கருவியும் சங்கத்துக்குச் சொந்தமாகாது, பயனாளி அமைப்பின் பெயருக்குப் போய்விடும்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. வாங்குவதற்குப் பணம் தர ஆள் கிடைப்பது போல ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை. டயாலிசிஸுக்கு மெஷின் மட்டும் போதாது. சுத்திகரித்த நீர் தரும் ஆர்ஓ பிளாண்ட், ஒவ்வொரு முறையும் ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எல்லாம் வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஆர்ஓ பழுதாகி, தானமாக வந்த மெஷின்கள் துணி போர்த்திய நிலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனை என்றால் டயாலிசிஸுக்கு அந்த வழியில் வருமானம் வரும், மெஷினும் ஓடும். எந்த மருத்துவமனைக்குக் கொடுப்பது என்று பேசும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அயல்நாட்டு நிதியை வாங்க எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. சின்ன சங்கங்கள் பல இதைக் கண்டு ஒதுங்கிவிட்டன. இப்போது பலருடைய கண்ணும் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி மேல் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். திருப்பூர், கோவைப் பக்கம் மில்களும் ஏற்றுமதிக் கம்பெனிகளும் இருப்பதால் அங்குள்ள சங்கங்களுக்கு வசதி. மழையை நம்பியிருக்கும் ஊரில் அப்படியா?

உலகத் திட்டம் என்றால் போலியோவைச் சொல்லாமல் முடியாது. 1985-ல் ரோட்டரி போலியோ பிளஸ் தொடங்கியபோது வைத்த இலக்கு 12 கோடி டாலர். 1988-க்குள் சேர்ந்தது 24.7 கோடி. பில்கேட்ஸ் அறக்கட்டளை பின்னால் வந்து, ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் தன் பங்காக இரண்டு டாலர் போடுகிறது. வருடத்துக்கு 5 கோடி டாலர் வரையிலான வசூலுக்கு இந்த ஏற்பாடு. இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. சொட்டு மருந்துக்கான செலவில் பெரும் பங்கை ஏற்றது நம் அரசுதான், அதை மறந்து ரோட்டரிக்காரர்கள் மேடையில் பேசும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் ஒரே காரியத்துக்காக விடாமல் பணம் திரட்டியது சாதாரணம் இல்லை.

பேட்ஜ், பட்டம், ஃபிளெக்ஸ் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயிரம் டாலர் கொடுத்தால் ரோட்டரியில் ‘பால் ஹாரிஸ் ஃபெலோ’, லயன்ஸில் ‘மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ’. கோட்டில் ஒரு பின் குத்துவார்கள், மாலை, சால்வை, போட்டோ. அந்தப் பின்னுக்கு ஆசைப்பட்டே கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுக்கட்டுமே! ஐந்தாயிரம் ரூபாய் நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்க மூவாயிரத்துக்கு ஃபிளெக்ஸ் அடிப்பதுதான் எனக்கு ஆகாது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், தலைவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். சங்கத்தின் அறக்கட்டளை பெயருக்குச் செக்காகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகையே கிடையாது. 80ஜி பதிவு உள்ளதா என்று கேட்டு, வருட முடிவில் அதற்கான நன்கொடைச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வரி முறையில் இருந்தால் இந்தச் சலுகை உங்களுக்கு வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், இதே சங்கம் மூன்று வருடத்துக்கு முன் கொடுத்த மெஷின் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு, ஒரு நாள் நேரில் போய் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஓடினால் தைரியமாகக் கொடுக்கலாம்.