ஸ்லோ குக்கர் ராஜ்மாவும் வாந்தியும்

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து ஸ்லோ குக்கர் வாங்கி வந்தான். ராஜ்மாவைச் சாயங்காலம் ஊறப்போட்டு, ராத்திரி குறைந்த சூட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் சப்பாத்தியோடு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மூன்று பேருக்கும் வாந்தி, அப்புறம் பேதி. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. "எல்லாம் வாயு" என்கிறார் மாமியார். இனி பயறே சமைக்கக் கூடாதா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகச் சமையுங்கள். வாயு வயிற்றை உப்ப வைக்கும்; மூன்று பேரை ஒரே நேரத்தில் வாந்தி எடுக்க வைக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ராஜ்மா சரியாகக் கொதிக்காததுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ராஜ்மாவில் லெக்டின் என்ற புரதம் உண்டு. வேகாத கொட்டை நாலைந்து உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். வம்பு அரைகுறைச் சூட்டில்தான். சில ஸ்லோ குக்கர்களில் குழம்பு 75 டிகிரியைக்கூடத் தாண்டாது. 80 டிகிரியில் கிடந்த ராஜ்மாவில் நஞ்சு பச்சைக் கொட்டையைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம். இதில் ஏமாற்று வேலையும் இருக்கிறது: விரலால் நசுக்கினால் கொட்டை வெண்ணெயாக மசியும், நஞ்சு அப்படியே இருக்கும். அதனால் பதம் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதி வந்த பிறகு பத்து நிமிடம். நான் அரை மணி நேரமே சொல்வேன். அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். நம் பிரஷர் குக்கரில் வைத்துக் குழைய வேகவிட்டால் இந்தக் கவலையே இல்லை, அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் போகிறது. மொச்சையையும் இப்படியே ஊறவைத்து, கொதிக்கவிட்டுச் சமையுங்கள். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்கிறோமே உளுந்து, பச்சைப்பயறு, அவற்றுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். பச்சைப்பயறை முளைகட்டிப் பச்சையாகவே தின்கிறோம்.

மறுபடி இப்படி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை மடக்கு மடக்காகக் குடியுங்கள். காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, மறுநாளும் நிற்காத பேதி என்றால் காரணம் வேறாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள், வயதானவர்கள் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: புளி, தக்காளியெல்லாம் ராஜ்மா வெந்த பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டால் கொட்டை விறைத்துக்கொள்ளும். இது உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும்.