மருத்துவ ஆய்வுக்கு எடுக்கும் இரத்தத்தை வெளிநாட்டுக்கு எப்படிப் பத்திரமாக அனுப்புகிறார்கள்? அதில் எது கஷ்டம்?

இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு வருடம் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தேன். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பது நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது நல்லதா என்று பார்க்கும் ஆய்வு. ஹீமோகுளோபின் போன்றவற்றை இங்கேயே டவுன் ஆய்வுகூடத்தில் பார்த்துவிடுவார்கள். மிச்சமுள்ள சீரத்தை, அதாவது இரத்தம் கட்டிய பிறகு பிரிகிற தெளிந்த நீரை, சின்னக் குப்பிகளில் பிரித்து உறையவைத்து, வெளிநாட்டில் ஒரு பயோபேங்குக்கு அனுப்ப வேண்டும். மாதிரிகளை மைனஸ் 80 பாகையில் வருடக்கணக்கில் வைத்திருக்கும் இடம் அது.

எது கஷ்டம் என்று கேட்டால் எல்லோரும் ஐஸ், பெட்டி, விமானம் என்பார்கள். அதெல்லாம் காசு கொடுத்தால் நடக்கிற வேலை. என்னைக் கேட்டால், கஷ்டம் முழுக்க விரல்நுனி அளவு ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.

முதலில் இரத்தம் எடுப்பது. சீரத்திலுள்ள இரும்பின் அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. அதனால் எல்லோருக்கும் காலையில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். தோட்டத்தில் அப்படியென்றால் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவதற்கு, முன்னால். ஆறு மணிக்கே டிஸ்பென்சரி வாசலில் வரிசை நிற்கும். சீக்கிரம் விட்டாக வேண்டும். மலைக்குப் பிந்திப் போனால் கொழுந்து கிலோ குறையும், கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் ஒருநாள் சம்பளத்துக்குப் பெயரே ‘பேர்’தான். சொன்ன நிறை எடுக்காவிட்டால் பாதிதான் போடுவார்கள்.) அந்தக் குளிரில் ஒரு பிளேன்டீகூடக் குடிக்காமல் நிற்கச் சொல்ல எனக்கே வாய் வராது.

குளிரில் நரம்பு உள்ளே போய்விடும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் வைத்திருக்கச் சொல்வோம். இன்னொரு தொல்லையை நான் பாடப்புத்தகத்தில் கவனிக்கவே இல்லை. இந்தக் குழாய்கள் உள்ளே காற்றை உறிஞ்சி மூடப்பட்டவை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் இரத்தத்தை உள்ளே தள்ளுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் கோடு வரை நிறைகிற குழாய் இங்கே கொஞ்சம் குறைவாகவே நின்றுவிடும். முதல் வாரம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய்களுக்கு ஒழுங்கு உண்டு. சீரக் குழாய் முதலில், ஊதா மூடி பிறகு. ஊதாக் குழாயில் இரத்தம் கட்டாமலிருக்கப் போடும் ஈடிடிஏ என்ற மருந்து உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு துளி ஊசி வழியே சீரக் குழாய்க்குள் போனாலும் இரும்புக் கணக்கு பிழைக்கும். ஊதாவை எட்டு, பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். எந்தக் குழாயையும் குலுக்கவே கூடாது. சிவப்பணு உடைந்தால் உள்ளேயிருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும். எதை அளக்கப் போகிறோமோ அதையே நாமே கலந்த மாதிரி ஆகிவிடும். சீரக் குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, இரத்தம் கட்டியாக உறைந்த பிறகுதான், சீரத்தைப் பிரிக்க மையநீக்கியில் வேகமாகச் சுற்ற வேண்டும். எங்கள் தோட்டத்து ரோட்டில் உறையாத இரத்தத்தைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் மையநீக்கியை டிஸ்பென்சரிக்கே கொண்டுவந்துவிட்டோம்.

இனி ஸ்டிக்கர். அதில் பெயர் எழுதக் கூடாது. ஆய்வு எண், எத்தனையாவது வருகை, என்ன மாதிரி, திகதி, பார்கோடு, அவ்வளவுதான். திகதியில் மாதத்தை எழுத்தில் போட வேண்டும். 03/04 என்று எழுதினால் இங்கே ஏப்ரல், வேறொரு நாட்டில் மார்ச். சாதாரணப் பேனா மை ஸ்பிரிட் பட்டவுடன் அழிந்துவிடும். பார்கோடு குப்பியின் நீளவாக்கில் நேராக இருக்க வேண்டும். சுற்றி வளைத்து ஒட்டினால் கருவி வாசிக்காது. மூடியில் ஒட்டவே கூடாது, மூடி இடம் மாறும்.

ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எங்களுக்கு நான்கு லெட்சுமிகள். அதில் ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, கூப்பிடுவது மூன்றாவது பெயர். “நீங்க லெட்சுமியா?” என்று கேட்டால் நால்வரும் ஆமா என்பார்கள். அதனால் “உங்க பேரச் சொல்லுங்க, பொறந்த திகதி சொல்லுங்க” என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, ஆள் எழும்புவதற்கு முன் அவர் கண்ணெதிரே ஒட்ட வேண்டும். அடுத்தவருடைய குழாய் அந்த நேரம் மேசையிலேயே இருக்கக் கூடாது.

சம்மதக் கையெழுத்தும் இரண்டு. ஆய்வுக்கு ஒன்று, மிச்ச மாதிரியைச் சேமித்துவைக்கத் தனியாக ஒன்று. இரண்டாவதை மறுத்தாலும் ஆய்வில் இருக்கலாம். ‘வங்கி’ என்று விளக்கும்போது ஓர் அக்கா கேட்டார்: “எங்க ரத்தத்த வங்கியில போட்டா வட்டி குடுப்பாங்களா புள்ள?” சிரித்துவிட்டேன். சரியான பதில் இப்போதும் என்னிடம் இல்லை.

அனுப்பும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுக்கு வெளியே போவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரிக் கைமாற்று ஒப்பந்தமும் வேண்டும். பொதி மூன்று அடுக்கு: குப்பி, அதைச் சுற்றி ஈரம் உறிஞ்சும் பஞ்சோடு கசியாத இரண்டாம் உறை, வெளியே உறுதியான பெட்டி. நடுவில் டிரை ஐஸ், மைனஸ் 78.5 பாகை. அது உருகித் தண்ணீராவதில்லை, நேரே கரியமில வாயுவாகிவிடும். அதனால் பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைத்தால் வெடிக்கும். வேனிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தான் போக வேண்டும். பெட்டியில் உள்ளே உயிரியல் மாதிரி என்று காட்டும் யுஎன் 3373 என்ற சாய்சதுரக் குறி, டிரை ஐஸுக்கு யுஎன் 1845, எத்தனை கிலோ என்ற கணக்கு. டிரை ஐஸ் எங்களுக்குக் கொழும்பிலிருந்துதான் வரும். பொதி அனுப்ப நல்லது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு எங்காவது கிடங்கில் கிடக்கும். போயா நாளையும் (பௌர்ணமி விடுமுறை) கலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி என் பிழை. ஒரு ஜூன் மாதம், விடாத மழை. யன்னலைச் சாத்தியும் அறைக்குள் மூட்டம். சீரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அவசரத்தில் குப்பிகளை முதலில் குளிர்ப்பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு எடுத்து ஈரத்தோடு ஸ்டிக்கர் ஒட்டினேன். காய்ந்த குப்பியில், உறைவதற்கு முன் ஒட்டினால்தான் அந்தப் பசை பிடிக்கும். பனி படிந்ததன் மேல் ஒட்டியது கண்ணாடியில் ஒட்டிய தபால் முத்திரை மாதிரிதான். 81 குழி உள்ள பெட்டியில் எந்தக் குழியில் எது என்று ஒரு தாளில் வரைந்துவைப்பது வழக்கம். அன்று அதையும் ‘அப்புறம் எழுதலாம்’ என்று விட்டேன். கொஞ்ச நாளில் பயோபேங்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது: பெட்டிக்குள் 12 ஸ்டிக்கர்கள் தனியாக, 12 குப்பிகள் தனியாக. ஆறு பெண்களுடையவை. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது, எறிந்துவிட்டார்கள்.

மறுபடி எடுக்கவும் வழியில்லை. அது மாத்திரை தொடங்குவதற்கு முந்திய இரத்தம். மாத்திரை விழுங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். மனம் கேட்கவில்லை, லயத்துக்கே போனேன். வட்டி கேட்ட அக்காவும் அந்த ஆறு பேரில் ஒருவர். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, “அப்ப எங்க ரத்தத்துக்கும் அரைப்பேருதானா புள்ள?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருகைக்கு ஆறில் ஐந்து பேர் வந்தார்கள். அக்காவும் வந்தார். இரத்தம் எடுத்து முடிந்து பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், எழும்பவில்லை. ஸ்டிக்கரை ஒட்டினேன். எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கையிலிருந்த தன் அட்டையோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போனார்.