மழைக்குப் பயந்து ஊர் தேடுகிறேன். எந்த ஊரும் மனத்தில் நிலைக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 48. திருமணமாகி வந்த நாள் முதல், 24 ஆண்டுகளாக, சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். கணவருக்கு வயது 53. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஒரே மகள் வேலை கிடைத்துச் சென்ற ஆண்டு பெங்களூரு போய்விட்டாள். மாமியாருக்கு வயது 76. சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உண்டு. நான் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரரிடம் அடைக்கலம் போனோம். திருமண ஆல்பத்தையும் மகள் முதல் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஓவியங்களையும் காப்பாற்ற முடியவில்லை. கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, இரண்டு முறை பெயிண்ட் அடித்த பிறகும் மழைக்காலத்தில் மங்கலாகத் தெரிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் முழங்கால் அளவு வந்தது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்க்கிறேன். ஒரே இரவில் நான்கைந்து முறை. படி காய்ந்துதான் இருக்கும், ஆனாலும் போகிறேன். பீரோவின் கீழ்த்தட்டு வருடம் முழுவதும் காலியாகவே கிடக்கிறது.

இந்த நகரமே வேண்டாம், ஒரு சிற்றூருக்குப் போய்விடலாம் என்று தீர்மானித்து, ஒரு 200 பக்க நோட்டுப் போட்டு ஊர் ஊராக எழுதி வருகிறேன். முதலில் பிடித்தது அம்பாசமுத்திரம். மாமியார் பிறந்தது அதற்குப் பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி. 2023 கோடையில் ஒரு திருமணத்துக்குப் போய், ஆற்றங்கரையில் நின்றபோதே இங்கு வந்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மிக்ஜாம் முடிந்த இரண்டே வாரத்தில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். அடுத்துக் கோபிசெட்டிபாளையம். வயலும் வாய்க்காலுமாக அருமையான ஊர். ஆனால் பவானி ஆறு அருகில் இருக்கிறது, ரயிலும் இல்லை. கடைசியாகக் காரைக்குடிப் பக்கம் கோட்டையூர். அங்கு ஆறே இல்லையே என்று நிம்மதியாக இருந்தது. திரும்பி வந்த பத்தாம் நாள், ஆறு இல்லாத ஊரில் கோடையில் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கவலை வந்துவிட்டது.

கணவர், "நீ சொல்ற ஊருக்கு வர்றேன்" என்கிறார். மாமியாரிடம் அம்பாசமுத்திரம் பற்றிச் சொன்னபோது, "அங்க இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். வீட்டை விற்றுவிடலாமா? எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது? தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எந்த ஊரில் வாழ்வது என்பது ஒன்று. மழை இரவில் எப்படித் தூங்குவது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கான விடையையும் சேர்த்து ஊரிடமே எதிர்பார்ப்பதால்தான் நோட்டு நிறைகிறதே தவிர முடிவு வரவில்லை என்று எனக்குப் படுகிறது. நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள். அம்பாசமுத்திரத்தையும் கோபியையும் ஆறு இருப்பதால் தள்ளினீர்கள். கோட்டையூரை ஆறு இல்லாததால் தள்ளினீர்கள். இது ஊர்களின் குறை அன்று. "இனி ஒருபோதும் தண்ணீர் உள்ளே வராது" என்ற உறுதிமொழியை நீங்கள் தேடுகிறீர்கள். அதைத் தரக்கூடிய ஊர் தமிழ்நாட்டின் வரைபடத்தில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, மழை குறைந்த அந்தக் கடற்கரையில் அதை யார் எதிர்பார்த்தார்கள்?

முதலில் பயத்தைப் பற்றிப் பேசுவோம். இடுப்பளவு தண்ணீரில் வயதான மாமியாரைத் தூக்கிச் சென்ற ஒருவருடைய உடல், அந்த இரவை மறக்க மறுப்பது பலவீனமே இல்லை. ஆபத்துக்கு முன் வந்த சத்தத்தை மனம் ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. அதனால்தான் சாதாரணத் தூறல்கூட உங்களை எழுப்பி உட்கார வைக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பதில் உங்கள் கையிலிருக்கும் டார்ச்சுக்கும் பங்கு உண்டு. படி காய்ந்திருப்பதைப் பார்த்ததும் நெஞ்சு லேசாகிறது அல்லவா? அந்த நிம்மதி கால் மணி நேரம் நிற்கும். பிறகு மனம், "பார்த்ததால்தான் தப்பித்தோம், மறுபடி பார்" என்று சொல்லும். ஒவ்வொரு முறை போய்ப் பார்க்கும்போதும், பார்க்காமல் இருந்தால் ஆபத்து என்ற பாடமே மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிகிறது. இந்த டார்ச்சோடு நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அங்கும் ஒரு வாசற்படி இருக்கும்.

இது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் துன்பம். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரைச் சில மாதங்கள் தொடர்ந்து பாருங்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் உதவி கேட்கலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதுவரை ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் யார் மாமியாரை மேலே அழைத்துச் செல்வது, மருந்துப் பை எங்கே, பத்திரங்கள் எங்கே என்பதை ஒரே தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். எச்சரிக்கை இல்லாத மழை நாளில், படுக்கும் முன் ஒரு முறை மட்டும் வாசலைப் பாருங்கள். இரண்டாவது முறை எழத் தோன்றினால், படுக்கையிலேயே பத்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பதிலாகக் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதும் வேண்டாம். அதுவும் அதே டார்ச்தான்.

உங்கள் பயத்தில் உண்மையும் இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் வளர்ந்த பகுதி வேளச்சேரி. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு, தென்சென்னையின் மழைநீரையெல்லாம் வாங்கிக்கொண்ட பெரும் பரப்பு. அது சுருங்கச் சுருங்க, அந்தத் தண்ணீர் சுற்றியுள்ள தெருக்களில் நிற்கிறது. எனவே அங்கே தரைத்தளத்தை விட்டு வெளியேற நினைப்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அதே பகுதியில் இரண்டாம் தளத்தில், லிஃப்ட் வசதியோடு ஒரு வாடகை வீடு என்ற வாய்ப்பு உங்கள் நோட்டில் ஒரு பக்கம்கூடப் பெறவில்லையே, ஏன்? அதுதான் சரியான விடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை எழுதிப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு, வெள்ளம் உங்களிடமிருந்து கொண்டுபோன அனைத்துக்கும் ஈடு செய்ய ஒரு புதிய ஊரால்தான் முடியும் என்று மனம் நம்பத் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன்.

டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். குளிர் மிகுந்த அமெரிக்க மத்திய மேற்குப் பகுதி மாணவர்களையும், வெயில் இதமான கலிஃபோர்னியா மாணவர்களையும் கேட்டபோது, தங்கள் வாழ்க்கையில் இரு தரப்பினருக்கும் இருந்த மனநிறைவு ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. ஆனால் தங்களைப் போன்ற ஒருவர் எங்கே அதிக மகிழ்ச்சியாக இருப்பார் என்று கேட்டால், இரு தரப்பினரும் கலிஃபோர்னியாவையே கை காட்டினார்கள். ஓர் ஊரைத் தூரத்திலிருந்து நினைக்கும்போது அதன் வானிலைதான் கண் முன் நிற்கிறது. அங்கேயே வாழ்கிறவருக்கோ வேலையும் உறவும் உடல்நலமும் காலை நேரப் பரபரப்புமே நாளின் பெரும்பகுதி. கோடையில் ஒரு திருமணத்துக்குப் போய்த் தாமிரபரணிக் கரையில் நின்ற அந்த அரை மணி நேரம் பொய்யில்லை. ஆனால் அங்கே குடியேறிய எட்டாவது மாதத்தில், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, உங்கள் வீட்டில் உள்ள மூவரும் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதை அந்த அரை மணி நேரத்தால் சொல்ல முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நோட்டில் எழுதிப் பாருங்கள். கணவருக்கு அலுவலகக் கூட்டம் நடக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று மின்சாரத்தை நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? மாமியாரின் ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும்? வாடகை வீடு பார்க்கப் போகும் இடத்தில், "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று உங்களைக் கேட்பார்கள், சிற்றூர்களில் இன்னும் நிற்கும் வேதனையான பழக்கம் இது. அந்தக் கேள்வியையும், வந்த மூன்றாம் நாளே உங்கள் வீட்டு விஷயம் தெருவுக்கே தெரிந்திருப்பதையும், சென்னையில் 24 ஆண்டுகள் வாழ்ந்த நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது. அதே தெருதான் நள்ளிரவில் மாமியாருக்கு மூச்சுத் திணறினால் கூப்பிடாமலே ஓடி வரும் என்பதும் உண்மை.

டியூஷனைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். மகள் பெங்களூரு போன பிறகு, மாலை நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்து கிடப்பது அந்தப் பிள்ளைகளால்தானே? புது ஊரில் பிள்ளைகள் உங்களைத் தேடி வர ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டின் மாலை நேரங்கள் எனக்குக் கவலை தருகின்றன. மழையை விட்டு விலகி வந்த நிம்மதியைவிட அந்த வெறுமை பெரிதாக இருக்கக்கூடும்.

அடுத்து உங்கள் மாமியார். "அங்க இப்ப யாரு இருக்கா?" என்று அவர் கேட்டதை மறுப்பாக எடுத்துக்கொண்டு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அது பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியாகவே ஒலிக்கிறது. பிறந்த ஊருக்குத் திரும்புகிறவர்களின் துக்கம் புது ஊருக்குப் போகிறவர்களின் துக்கத்திலிருந்து வேறுபட்டது. தெரு அப்படியே இருக்கும், தன்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் இருக்க மாட்டார்கள். அவரைக் கேட்காமல், அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து அங்கே அழைத்துப் போய்விடாதீர்கள். கணவரின் "நீ சொல்ற ஊருக்கு வர்றேன்" என்பதும் அன்பான வார்த்தைதான். ஆனால் நாளை அந்த ஊர் பிடிக்காமல் போனால் அதன் முழுச் சுமையும் உங்கள் தலையில் விழும். அவருடைய இரண்டு விருப்பங்களையும் ஒரு மறுப்பையும் நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி ஊர்கள். கோபிசெட்டிபாளையத்துக்கு ரயில் நிலையம் இல்லை என்பது உங்கள் வீட்டில் சிறிய விஷயம் அன்று. மூட்டு வலி உள்ளவரை ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஈரோட்டுக்கு அழைத்துப் போய்த்தான் ரயிலேற்ற வேண்டும். கோட்டையூர் வறண்ட சீமை என்றாலும் காரைக்குடி கூப்பிடு தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல். அங்கே உங்களுக்கு உறவோ நட்போ யாருமில்லை என்பதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது. என் சாய்வு அம்பாசமுத்திரத்தின் பக்கம். திருநெல்வேலி, செங்கோட்டை ரயில் பாதையில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் உள்ள திருநெல்வேலிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மாமியாரின் பேச்சு வழக்கே அங்கு கடைத்தெருவிலும் கேட்கும். ஆனால் அங்கே போனாலும் ஆற்றங்கரை வீட்டைப் பார்க்காதீர்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிறைந்து திறக்கும்போது 1992இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை வீட்டுத் தரகர் சொல்ல மாட்டார். தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே, மேட்டுத் தெருவில் வீடு பாருங்கள்.

வீட்டை இப்போது விற்க வேண்டாம். சிகிச்சையைத் தொடங்கிச் சில மாதம் போகட்டும். பிறகு, ஊர் அழகாக இருக்கும் ஆனி, ஆடிச் சாரலில் போகாமல், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அம்பாசமுத்திரத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். கணவர் அங்கிருந்தே வேலை பார்க்கட்டும். நீங்கள் இரண்டு பிள்ளைகளுக்காவது பாடம் சொல்லிக் கொடுங்கள். டார்ச்சைச் சென்னையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்; எடுத்துப் போங்கள், ஆனால் ஒரு முறைக்கு மேல் எடுத்த இரவுகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பொங்கலுக்குள் அந்தக் குறிகள் குறைந்திருந்து, மாமியாரும் தெருவில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தால், அதன் பிறகு வீட்டு விற்பனையைப் பற்றிப் பேசலாம். குறையவில்லை என்றால் சென்னைக்கே திரும்பி, இரண்டாம் தள வீட்டுக்கான பக்கத்தை நோட்டில் தொடங்குங்கள். அதில் தோல்வி ஏதுமில்லை.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று மாலை டியூஷன் பிள்ளைகள் போன பிறகு, டிவியை அணைத்துவிட்டு மாமியாரின் பக்கத்தில் உட்காருங்கள். கல்லிடைக்குறிச்சியில் அவர் வளர்ந்த தெருவில் வலது பக்கம் முதல் வீட்டில் யார் இருந்தார்கள், அடுத்த வீட்டில் யார், இப்போது அவர்கள் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீங்கள் அடித்துவிட்ட அம்பாசமுத்திரப் பக்கத்திலேயே அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்