உணவில் கிருமி இருந்து மக்கள் இறந்தால் முதலாளி ஜெயிலுக்குப் போவாரா?

கேள்வி: ஒரு நிறுவனம் விற்ற உணவால் ஆட்கள் செத்துப்போனால்கூட மன்னிப்பு அறிக்கை, அபராதம் என்றுதானே முடிகிறது? முதலாளி யாராவது ஜெயிலுக்குப் போனதுண்டா?

போனதுண்டு. அமெரிக்காவில் ஒருவருக்கு 28 ஆண்டுகள் கிடைத்தது. ஆனால் அவர் எப்படி மாட்டினார், அதைவிட அதிகம் பேர் இறந்த வழக்கில் மற்றவர்கள் ஏன் ஜெயிலுக்கே போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒருவர் ஸ்டூவர்ட் பார்னெல். பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் தலைவர். 2008 கடைசியில் அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரே ரக சால்மொனெல்லா என்ற குடல் கிருமியால் ஆட்கள் நோயில் படுக்க ஆரம்பித்தார்கள். மின்னசோட்டா மாநிலத்தில் முதியோர் இல்லங்களிலும் நோய் வந்ததால், அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே போய் ‘கிங் நட்’ என்ற பீனட் பட்டர் டப்பாவில் கிருமியைப் பிடித்தார்கள். அதைத் தயாரித்தது ஜார்ஜியா மாநிலத்தின் பிளேக்லி என்ற சிற்றூரில் இருந்த பார்னெலின் ஆலை. நிறுவனம் ஒன்றும் பெரியதல்ல. ஆனால் அதன் கடலை விழுது பெரிய பெரிய கம்பெனிகளின் பிஸ்கட், ஐஸ்கிரீம், நாய் பிஸ்கட் வரை போயிருந்தது. 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய், 9 பேர் மரணம். திரும்பப் பெறப்பட்ட பொருள்களின் வகைகள் மட்டும் 3,900-ஐத் தாண்டின.

ஆலைக் கூரையில் மழைநீர் ஒழுகியது, எலி இருந்தது. இதெல்லாம் மோசம்தான். ஆனால் 28 ஆண்டுகளை வாங்கிக் கொடுத்தது ஒழுகிய கூரை இல்லை, ஒரு காகிதம்.

எங்கள் தொழிலில் அதை சி.ஓ.ஏ. என்போம். சரக்கோடு போகும் பரிசோதனைச் சான்றிதழ். மேலே லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்), சாம்பிள் எடுத்த தேதி, கீழே ஒவ்வொரு சோதனைக்கும் முடிவு. சால்மொனெல்லா வரிக்கு நேராக ‘இல்லை’ என்று இருந்தால்தான் சரக்கு நகரும். வழக்கமான முறையில் அந்த ஒரு சொல் வர நாலைந்து நாள் ஆகும். அதுவரை சரக்கு ஹோல்டில் கிடக்கும், லாரி நிற்கும், வாங்குபவர் போன் மேல் போன் போடுவார். பார்னெல் கம்பெனி அந்த நாலைந்து நாளைக் காத்திருக்கவில்லை. முடிவு வருவதற்கு முன்பே அனுப்பினார்கள், வேறு லாட்டின் முடிவைச் சான்றிதழில் ஏற்றினார்கள். கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தால் மறுபடி சாம்பிள் அனுப்பி, ‘இல்லை’ என்று வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடலை விழுதில் சால்மொனெல்லா சீராகப் பரவியிருக்காது, ஓரிடத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. இரண்டாவது சாம்பிளில் ‘இல்லை’ என்று வந்தால் முதலில் வந்தது பொய் என்று ஆகிவிடாது. லாபில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இது.

முடிவு வராததால் ஒரு சரக்கை அனுப்ப முடியவில்லை என்று 2007-இல் ஆலையிலிருந்து சொன்னபோது, பார்னெல் ஒரு கெட்ட வார்த்தையோடு ஆரம்பித்து, ‘சும்மா அனுப்பு, இன்னொரு வாடிக்கையாளரை இழக்க என்னால் முடியாது’ என்று மின்னஞ்சலில் பதில் போட்டார். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

இதில் ஆடிட் கதை தனி. பிளேக்லி ஆலைக்கு 2008-இல் வெளி ஆடிட் நடந்து, ‘மிகச் சிறப்பு’ என்று மதிப்பெண் கிடைத்தது. அந்த ஆடிட்டருக்குக் காசு கொடுத்தது ஆலையேதான். பிஸ்கட் கம்பெனிகள் அந்தத் தாளை வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டன. நெஸ்லே மட்டும் தன் ஆட்களையே பிளேக்லிக்கும், டெக்சஸில் இருந்த இன்னொரு ஆலைக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் அனுப்பிப் பார்த்துவிட்டு, இவர்களிடம் வாங்க வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. அதாவது நேரில் போய்ப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

2009 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு முன் பார்னெல் வந்தார். கிரெக் வால்டன் என்ற உறுப்பினர், திரும்பப் பெற்ற பொருள்களை ஒரு ஜாடியில் போட்டு, மஞ்சள் எச்சரிக்கை நாடா சுற்றிக் கொண்டுவந்து, ‘இதில் ஒன்றைச் சாப்பிடத் தயாரா?’ என்று கேட்டார். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாமலிருக்கும் உரிமையைச் சொல்லிப் பார்னெல் வாயைத் திறக்கவில்லை. சில நாளில் கம்பெனி திவால் மனு போட்டது. 2014-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2015 செப்டம்பரில் தண்டனை. தம்பி மைக்கேலுக்கு 20 ஆண்டுகள். தரப் பிரிவு மேலாளராக இருந்த பெண்ணுக்கு 5 ஆண்டுகள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் வயிற்றைப் புரட்டும்.

கவனியுங்கள், இது கொலை வழக்கு இல்லை. மோசடி, சதி, கெட்ட உணவைத் தெரிந்தே அனுப்பியது, விசாரணையைத் தடுத்தது, இவைதான் குற்றச்சாட்டுகள். 9 பேர் இறந்ததை அரசுத் தரப்பு ஜூரியிடம் சொல்லவே இல்லை. பொய்ச் சான்றிதழுக்குத்தான் தண்டனை.

இப்போது அடுத்த வழக்கு. 2011-இல் கொலராடோவில் ஜென்சன் சகோதரர்களின் பண்ணையிலிருந்து போன முலாம்பழத்தில் லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமி. 33 பேர் இறந்தார்கள். உருளைக்கிழங்கு கழுவும் பழைய எந்திரத்தை வாங்கி, குளோரின் சேர்க்காத தண்ணீரில் பழம் கழுவியிருக்கிறார்கள். இவர்களுக்கும் ஆடிட்டில் 96 மதிப்பெண்! தண்டனை ஆறு மாத வீட்டுக் காவல், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 1,50,000 டாலர் நஷ்ட ஈடு. சிறை இல்லை. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்பது உண்மைதான், தண்டனை குறைந்ததில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. சோதித்துப் பார்த்துப் பொய் சொன்னவனுக்கு 28 ஆண்டு, சோதிக்காமலே விற்றவனுக்கு வீட்டுக் காவல் என்றால், கணக்குப் போடும் முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? ‘எனக்குத் தெரியாது’ என்பதே நல்ல கவசமாகிவிடுகிறது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-இல் பார்க் என்ற கம்பெனி தலைவரின் வழக்கில், தடுக்கும் அதிகாரம் இருந்த அதிகாரி தனக்குத் தெரியாது என்று சொன்னாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. 2010-இல் அயோவாவில் 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளைத் திரும்பப் பெற வைத்த டிகோஸ்டர் அப்பா மகன் இருவருக்கும் அப்படித்தான் ஆளுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. மூன்றே மாதம், ஆனாலும் சிறை.

அமெரிக்காவின் புளூ பெல் ஐஸ்கிரீம் கம்பெனி விவகாரத்தில் இந்தக் கேள்வி இயக்குநர் குழு வரைக்கும் போனது. லிஸ்டீரியாவால் கான்சஸ் மருத்துவமனை ஒன்றில் மூன்று நோயாளிகள் இறந்தது 2015-இல் தெரியவந்தது. ஆலையில் லிஸ்டீரியா இருப்பது 2013-இலிருந்தே சோதனைகளில் தெரிந்திருந்தது. ஆனால் இயக்குநர் கூட்டக் குறிப்புகளில் அதைப் பற்றிப் பேசியதாகவே இல்லை. ஐஸ்கிரீமைத் தவிர வேறு எதுவும் விற்காத கம்பெனியில் உணவுப் பாதுகாப்புக்கென்று ஒரு குழு கிடையாது, இத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகம் அறிக்கை தர வேண்டும் என்ற விதி கிடையாது. 2019-இல் டெலாவேர் மாநில உச்ச நீதிமன்றம், இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததற்காகவே இயக்குநர்கள் மேல் பங்குதாரர் வழக்குத் தொடரலாம் என்றது. கம்பெனி தலைவர் பால் குரூஸ் மேல் நடந்த கிரிமினல் வழக்கில் ஜூரி ஒத்துப்போகாமல் கலைந்தது. அப்புறம் 2023-இல் சிறு குற்றமாக ஒப்புக்கொண்டு 1,00,000 டாலர் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். எழுத்தில் கடுமைதான். ஆனால் அதே சட்டத்தின் 66-ஆவது பிரிவில், கிளைகளுள்ள கம்பெனி ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்துக்கொள்ளலாம், முதலில் மாட்டுவது அவர்தான். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் ஆலையில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவர். முதலாளியின் சம்மதமோ, உடந்தையோ, அலட்சியமோ இருந்தது என்று நிரூபித்தால்தான் அவர் பக்கம் வழக்கு போகும். திரும்பவும் மின்னஞ்சலைத் தேட வேண்டியதுதான்.

பார்னெல் விவகாரத்துக்குப் பிறகு ஜார்ஜியா மாநிலம், ஆலைச் சோதனையில் கிருமி தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று 2009-இலேயே சட்டம் போட்டது. அதற்குமுன் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய அதிகாரிகள் அந்த ஆலையின் பழைய சோதனை ரிப்போர்ட்டுகளைப் பார்க்கவே உயிரிப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைத்தான் கையில் எடுக்க வேண்டியிருந்தது. கடலைக் கம்பெனிக்கு எதிராக!

நஷ்ட ஈடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி திவாலாகிவிட்டதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலையின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து 1.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இறந்தவர்களின் குடும்பங்களும் வழக்குப் போட்ட மற்ற நோயாளிகளும் அதைத்தான் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.