கொம்பு ஹாண்டிலுக்குச் சுற்றும் ரேப் (நாடா): வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கொக்குவில்): பாவிச்ச ஜப்பான் றேஸ் சைக்கிள் ஒண்டு வாங்கினனான். கொம்பு மாதிரிக் கீழை வளைஞ்ச ஹாண்டிலிலை சுத்தின ரேப் பிஞ்சு தொங்குது. கடையிலை கோர்க், சிலிக்கோன், தோல் மாதிரி ஒண்டு எண்டு மூண்டு வகை காட்டுகினம். எதை எடுக்கிறது?

பதில்: தினமும் ஓடுபவர் என்றால் தோல் மாதிரி இருப்பதை எடுங்கள். அது பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். எங்கள் வெயிலில் கை வியர்த்து ஊறினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சிறு துளைகள் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. கோர்க் என்று விற்பது முழுக்கக் கோர்க் இல்லை. நுரைப் பொருளில் கோர்க் துகள் கலந்தது. கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் இறுக்கி இழுத்தால் அறுந்துவிடும், வியர்வையையும் உள்ளே வாங்கி வைத்திருக்கும். சிலிக்கோனில் பசை கிடையாது, அவிழ்த்து மறுபடி சுற்றலாம். புழுதி பிடிப்பதுதான் அதன் குறை.

சிறிய கை என்றால் 2 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். 3 மில்லிமீற்றருக்கு மேல் போனால் பிடி பருத்து, பிறேக்கை எட்டிப் பிடிப்பது சிரமமாகும். கை விறைப்பதற்காகத் தடித்த ரேப் தேடுகிறீர்கள் என்றால், முதலில் சீற்றைப் பாருங்கள். அதன் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடற்பாரம் முழுவதும் உள்ளங்கையில்தான் இறங்கும். எந்த ரேப்பும் அதைத் தீர்க்காது.

வாங்கும்போது பெட்டிக்குள் இரண்டு சுருள், இரண்டு நுனி மூடி, முடிவில் ஒட்டும் இரண்டு துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசைக் கடதாசியை ஒரு மூலையில் உரித்து விரலால் தொட்டுப் பாருங்கள். வெக்கையான தட்டில் நீண்டகாலம் கிடந்த சரக்கில் பசை காய்ந்துபோயிருக்கும்.

கேள்வி (நல்லூர்): நானே சுத்தினனான். நடுவுக்கு வர ஒரு சாண் இருக்கேக்கை ரேப் முடிஞ்சுபோச்சு. சுருள் கட்டையோ?

பதில்: பெரும்பாலும் இல்லை, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்றைக் கூடுதலாக ஏற்றிச் சுற்றியிருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். சுருள் ஏறக்குறைய 2 மீற்றர், அகலம் 3 சென்ரிமீற்றர். ஹாண்டில் குழாயைச் சுற்ற ஒரு சுற்றுக்கு 8 சென்ரிமீற்றர் போகும், ஆக 25 சுற்று. பாதிக்குப் பாதி ஏற்றினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் முன்னேறும். 37 சென்ரிமீற்றரில் முடிந்துவிடும். உங்கள் ஹாண்டிலின் ஒரு பக்கத்தை நூலால் அளந்தால் 55, 60 வரும். 8 மில்லிமீற்றர் மட்டும் ஏற்றுங்கள், 55 கிடைக்கும். இழுத்துச் சுற்றும்போது ரேப் நீள்வதில் மிச்சம் கிடைக்கும்.

ரேப்பின் நடுவில் ஓடும் பசைக் கோட்டின் விளிம்பை அளவாக வைத்தால் கண் தவறாது. பசை குழாயில் பட வேண்டும், முந்தின சுற்றில் படக்கூடாது. பட்டால் பிறகு அவிழ்க்கும்போது கிழியும்.

முதலில் பழைய பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறேக் வயரை இன்சுலேசன் ரேப்பால் மூன்று இடத்தில் குழாயோடு கட்டுங்கள். பிறேக் பிடியின் ரப்பர் உறையை மடித்துவிட்டு, பிடியைக் குழாயோடு கவ்வும் பட்டியை ஒரு சிறு துண்டு ரேப்பால் மூடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் இரும்பு தெரியும். தொடக்கம் எப்போதும் கீழ் நுனியில். மேலிருந்து தொடங்கினால் கை உரசி உரசி ஒவ்வொரு விளிம்பும் சுருண்டு எழும்பும். நுனியில் அரை அகலம் வெளியே விட்டு, அதை உள்ளே மடித்து மூடியால் அடைக்க வேண்டும். பின்னால் நின்று பார்க்க வலது பக்கம் கடிகாரச் சுற்று, இடது பக்கம் எதிர்ச்சுற்று. கீழ் வளைவைப் பிடிக்கும் கை வெளிப்பக்கமாகவே முறுக்கும், அந்த முறுக்கில் ரேப் இறுக வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் சுற்றுகள் விலகும், அங்கே மட்டும் கொஞ்சம் அதிகமாக ஏற்றுங்கள்.

மூடி இல்லாமல் ஓடவேண்டாம். விழும்போது திறந்த குழாய் நுனி தசையை வட்டமாக வெட்டும்.

கேள்வி (காரைநகர்): ரேப்பைக் கழட்ட அலுமினியத்திலை வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. பிழையோ?

பதில்: இது கட்டாயம் பார்க்கவேண்டிய விஷயம். வியர்வை உப்பு ரேப்புக்கு அடியில் தங்கி அலுமினியத்தை அரிக்கிறது. கடலுக்குக் குறுக்கே போகும் கோஸ்வே வீதியில் சோளகக் காற்றுக்கு எதிரே மிதிப்பவருக்குக் கடல் உப்பும் சேரும். நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். வெறும் தூளாகப் போய்க் கீழே மழமழப்பாக இருந்தால் பயமில்லை, காயவிட்டுப் புது ரேப் சுற்றலாம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழியில் நகம் மாட்டினால், அல்லது மயிர்க்கோடு போல வெடிப்புத் தெரிந்தால், ஹாண்டிலையே மாற்றுங்கள். முக்கியமாகப் பிறேக் பிடியின் பட்டிக்கு அடியிலும், ஹாண்டிலை நடுவில் பிடித்திருக்கும் நடுக்கவ்வியின் ஓரத்திலும் பாருங்கள், பாரம் விழும் இடங்கள் அவை. அலுமினியம் வளைந்து காட்டிவிட்டு முறிவதில்லை.

புதிது வாங்கும்போது நடுக்கவ்வியின் அளவைக் கொண்டுபோங்கள்: 25.4, 26.0, 31.8 மில்லிமீற்றர் என்று மூன்று அளவு பரவலாக உண்டு. 25.4 ஹாண்டில் 26.0 கவ்விக்குள் சரியாக உட்கார்ந்த மாதிரி இருக்கும், பிறேக் பிடிக்கும்போது உருளும். லேத் கடையில் வேணியர் அளவுகோல் வைத்து அளக்கலாம்.

மற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தால் போதும். உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

கேள்வி (சுண்டுக்குளி): ரேப்பை என்னத்தாலை கழுவிறது? மண்ணெண்ணெய் சொல்லுகினம்.

பதில்: மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் மூன்றும் வேண்டாம், பசையும் நுரையும் கரையும். பாத்திரம் கழுவும் சோப்பு நாலு துளி, ஒரு கோப்பை தண்ணீர், பழைய பல் பிரஷ். ரேப் சுற்றிய திசையிலேயே தேயுங்கள், எதிராகத் தேய்த்தால் விளிம்பு எழும்பும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கறுப்பு ரேப்பில் காயவிட்டால் கேத்தில் அடியில் படிவது போல வெள்ளைத் திட்டு விழும். உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): ஒரு சுருள் பசையே ஒட்டேல்லை. கடைக்காரர் மாத்த மாட்டாராம், பில்லும் தரேல்லை.

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை, இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. பெட்டியையும் சுருளையும் எறியாமல் வைத்து, பணிவாகவே இன்னொருமுறை கேளுங்கள். மறுத்தால் வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. அதுவரை சைக்கிள் சும்மா நிற்கத் தேவையில்லை: இரு நுனியையும் இன்சுலேசன் ரேப்பால் இறுக்கினால், இழுத்துச் சுற்றிய சுருள் பசையில்லாமலும் நிற்கும்.

கேள்வி (மானிப்பாய்): என்ரை லேடீஸ் சைக்கிளுக்கும் இது சுத்தலாமோ, அண்ணை?

பதில்: சுற்றலாம், தங்கச்சி. ரப்பர் பிடியைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை மீற்றர் போதும், ஆகவே ஒரு சுருளே இரண்டு பக்கத்துக்கும் காணும். ஆனால் புது ரப்பர் பிடி இதைவிட மலிவு, மழைக்கும் தாங்கும். பழையது பிசினாக ஒட்டுகிறது என்பதுதான் குறை என்றால், அதையே மாற்றுங்கள்.